மூத்த நாய்க்கு வயது என்ன?

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பது எம்மவரிடையே வழங்கும் பழமொழி. அதனைச் சொன்னவர் நாயைச் சற்று நின்று கவனித்தாரில்லை போலும். படலையில் ஆளரவம் கேட்டால் எழுந்து குரைக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளை ஒழுங்கை முகப்பிலேயே எதிர்கொள்ள வேண்டும். ஆட்டுக் கொட்டிலையும் கோழிக் கூட்டையும் இரவில் ஒரு முறையேனும் சுற்றி வர வேண்டும். இத்தனையையும் ஒன்றே தனித்துச் செய்கின்றதே என்ற இரக்கத்தினாலோ, பிள்ளைகளின் நச்சரிப்பினாலோ, இரண்டாவது நாயொன்றைக் கொள்ளும் எண்ணம் பல குடும்பங்களில் என்றோ ஒருநாள் எழுகின்றது.

அப்பொழுது வீட்டில் நடைபெறும் ஆலோசனை சுவையானது. ஆணா, பெட்டையா? கறுப்பா, செம்மையா? அல்சேஷனா, பொமறேனியனா, அல்லது ஊர்நாயே போதுமா? என்ன பெயர் வைப்பது? இவை யாவும் விரிவாகப் பேசப்படும். 'இப்பொழுது வீட்டில் இருக்கும் நாய்க்கு வயது என்ன?' என்ற கேள்வியை மட்டும் பெரும்பாலும் ஒருவரும் கேட்பதில்லை. ஆயினும், இரு நாய்களும் ஒற்றுமையாய் வாழுமா, மூத்தது நிம்மதியாய் முதுமையடையுமா, இளையது மனிதர் சொற்கேட்டு வளருமா என்பனவற்றையெல்லாம் நிறத்தையும் இனத்தையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது அக்கேள்விக்குரிய விடையே. அதனையே இவ்வாரம் நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகின்றோம்.

நாயின் ஆண்டுக் கணக்கு

நாயின் ஓராண்டு மனிதனின் ஏழாண்டுக்குச் சமம் என்பது பலருக்கும் மனப்பாடமான வாய்பாடு. நினைவில் வைக்க இலகுவானது, ஆனால் சரியானதன்று. ஒரு வயது நிரம்பிய நாய் பெரும்பாலும் குட்டி ஈனத்தக்க பருவத்தை அடைந்துவிடுகின்றது. அதனை ஏழு வயதுப் பாலகனோடு ஒப்பிடுவது எங்ஙனம் பொருந்தும்?

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்து ஆய்வாளர் 104 நாய்களை ஆராய்ந்து, 2020ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். அவற்றுட் பெரும்பாலானவை லாப்ரடோர் இனத்தவை. வயது ஏற ஏற உடலின் மரபணுப் பொருளில் உண்டாகும் இரசாயன மாற்றங்களை மனிதரிடத்து உண்டாகும் மாற்றங்களோடு அவர்கள் ஒப்பிட்டனர். அக்கணக்கின்படி ஒரு வயது நாய் ஏறக்குறைய 30 வயது மனிதனை ஒத்தது. நான்கு வயதில் அது 50ஐத் தாண்டிவிடுகின்றது. பன்னிரண்டு வயதிலோ ஏறக்குறைய 70 வயதினரை ஒத்திருக்கின்றது. நாயின் வயது தொடக்கத்திற் பாய்ந்து ஓடுகின்றது. பின்னர் நடை தளர்ந்து செல்கின்றது என்பது இதனாற் பெறப்படும். ஓரினத்தையே முதன்மையாகக் கொண்ட இக்கணக்கு எல்லா நாய்களுக்கும் அப்படியே பொருந்தாது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நன்று. பேருருவம் படைத்த கிரேட் டேன் இனம் பொதுவாக 7 முதல் 10 ஆண்டுகள் வரையே வாழ்கின்றது. சிறிய பொமறேனியன் 12 முதல் 16 ஆண்டுகள் வரை வாழவல்லது. எனவே எட்டு வயது என்பது முன்னையதற்கு முதுமை; பின்னையதற்கு நடுவயது.

வளர்ச்சிப் படிகளையும் அறிந்துகொள்வோம். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தைச் சேர்ந்த பார் ஹார்பர் என்னும் ஊரில் பல ஆண்டுகள் ஆராய்ச்சி நடத்திய ஸ்கொட், புல்லர் என்னும் அறிஞர் இருவர் 1965இல் வெளியிட்ட நூல் இத்துறையில் அடிப்படையானது. பிறந்த மூன்றாம் வாரம் தொடங்கி ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே நாய்க்குட்டி தன் உறவுகளைத் தேர்ந்து பழகும் காலம் என அவர்கள் காட்டினர். நான்காம் மாதத்துக்கும் ஏழாம் மாதத்துக்கும் இடையில் 28 பாற்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கின்றன. ஆறாம் மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் பெரும்பாலான நாய்கள் பருவமடைகின்றன. உடல் வளர்ந்துவிட்டபோதிலும் மனப்பக்குவம் வருவதற்கு இரண்டு ஆண்டுகள், சிலவற்றுக்கு மூன்று ஆண்டுகள்கூடச் செல்லும்.

ஒரே நாளில் இரு குட்டிகள்

அயல் வீட்டு நாய் குட்டி ஈன்றிருக்கும். பார்க்கச் சென்ற பிள்ளைகள் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு, "இரண்டையும் வளர்ப்போம் அம்மா, ஒன்றுக்கொன்று துணையாய் இருக்கும்" என்று வாதாடுவர். அவ்வாதம் பொய்யன்று. துணையாய்த்தான் இருக்கும், தொல்லையும் அங்கேதான் தொடங்குகின்றது.

மனிதர் முகம் பார்த்து, மனிதர் குரல் கேட்டுப் பழகுவதற்கு இயற்கை அளித்துள்ள காலம் சில வாரங்களே என்று கண்டோம். உடன்பிறந்த இரு குட்டிகள் ஒரே சாக்கில் உறங்கி, ஒரே கோப்பையில் உண்டு, பகல் முழுவதும் தம்முள்ளேயே கட்டிப் புரளுமாயின், அவ்வரிய வாரங்கள் ஒன்றன் முகத்தை மற்றொன்று பார்ப்பதிலேயே கழிந்துவிடக் கூடும். வீட்டார் கூப்பிட்டால் வருவதற்கு அவற்றுக்கு அவசியம் இராது. வேண்டிய தோழமை பக்கத்திலேயே உண்டு. ஒன்றைச் சற்றே பிரித்து மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றால் மற்றது ஊளையிட்டு ஊரைக் கூட்டும். வீட்டினுள் நனைத்தது எது, செருப்பைக் கடித்தது எது என்பது தெரியாமையால் கற்பித்தலும் கண்டித்தலும் திசை தவறிப் போகும்.

எட்டு, ஒன்பது மாதங்கள் சென்றதும் வேறொரு தொல்லை வந்து சேரும். உடன்பிறப்பு என்னும் வரையறை நாய்களுக்கு இல்லை. அண்ணனும் தங்கையும் கூடும். ஏறத்தாழ 63 நாட்களில் வீட்டில் ஐந்தாறு குட்டிகள் கிடக்கும். அவற்றை வாங்குவார் இலர். பின்னர் நடப்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. சந்தையடியிலும் கோயில் வீதியிலும் கண் முழுதாய்த் திறவாத பெட்டைக் குட்டிகள் சாக்கோடு கிடக்கும் காட்சியை நேயர்கள் கண்டிருப்பீர்கள். வைரவருக்கு வாகனமென்று நாயை வணங்கும் நாமே, வைரவர் கோயில் வாசலிலேயே குட்டிகளைக் கைவிட்டுச் செல்கின்றோம். 'துணைக்கு ஒன்று' என்று ஆசையோடு தொடங்கிய காரியம் அங்கே சென்று முடிவதும் உண்டு.

இருவரும் ஒரே பாலாயின் கூடல் இல்லை. ஆனால் பகை மூளலாம். வீட்டு நாய்களிடையே நேரும் சண்டைகளைப் பற்றி அமெரிக்க மிருக வைத்தியர் சிலர் 38 குடும்பங்களை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரையில், அச்சண்டைகளுட் பெரும்பாலானவை ஒரே பாலைச் சேர்ந்த நாய்களிடையே நிகழ்ந்தன என்றும், பெட்டைகள் அவற்றிற் பெரிதும் சம்பந்தப்பட்டிருந்தன என்றும் கண்டனர். வீட்டார் ஒன்றைத் தடவிக் கொடுத்தல், உணவு, விருந்தினர் வருகை போன்றவற்றால் எழும் பரபரப்பு, கீழே கண்டெடுத்த பொருள் என்பனவே பெரும்பாலும் சண்டைக்குக் காரணங்களாயின.

ஏற்கெனவே இரு குட்டிகளைக் கொண்டுவிட்டவர்கள் மனந்தளர வேண்டுவதில்லை. இரண்டும் வெவ்வேறிடத்தில் உறங்கட்டும். வெவ்வேறு கோப்பையில் உண்ணட்டும். நாள்தோறும் சிறிது நேரமேனும் ஒவ்வொன்றையும் தனியே உலாவ அழைத்துச் சென்று, தனியே பெயர் சொல்லிப் பழக்குக. உரிய வயதில் இரண்டுக்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விக்க. உழைப்பு இருமடங்கு என்பதை மாத்திரம் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

ஓநாய்க் குடும்பத்தின் ஒழுங்கு

நாயின் மூதாதையான ஓநாயிடத்து இவ்விடயம் எவ்வாறு அமைந்துள்ளது என்று பார்ப்போமாயின் ஓர் உண்மை புலப்படும். ஓநாய்க் கூட்டம் என்றால் வலியது மெலியதை அடக்கி ஆளும் படை என்று முன்னர் எண்ணினர். காட்டில் அவற்றைப் பல்லாண்டு பின்தொடர்ந்து ஆராய்ந்த டேவிட் மெக் என்னும் அறிஞர் 1999இல் எழுதிய கட்டுரையில் அவ்வெண்ணத்தைத் திருத்தினார். இயற்கையான ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் ஒரு குடும்பமே; தாய், தந்தை, அவற்றின் பிள்ளைகள். ஓநாய் ஆண்டுக்கு ஒரு முறைதான் குட்டி ஈனும். ஆகவே புதிய குட்டிகள் பிறக்கும்போது சென்ற ஆண்டுக் குட்டிகள் ஓரளவு வளர்ந்துவிட்டன. தம்பி தங்கையருக்கு இரை கொண்டுவந்து ஊட்டுவதிலும், பெற்றோர் வேட்டைக்குச் சென்றபோது உடனிருப்பதிலும் அவை பங்குகொள்கின்றன.

குட்டிகள் குட்டிகளோடு விளையாடுகின்றன. ஆனால் அவற்றுக்கு வழிகாட்டுவோர் மூத்தோரே. இந்த ஒழுங்கு எமக்கும் ஒரு பாடம்.

எத்தனை ஆண்டு இடைவெளி?

முதல் நாய்க்கு இரண்டு வயதாவது நிரம்பட்டும் என்பதே எம் கருத்து. அதற்குள் அது கூப்பிட்டவுடன் வரக் கற்றிருக்கும். எங்கே உறங்குவது, யாரைக் கண்டு குரைப்பது, யாரைக் கண்டு வாலாட்டுவது என்பவற்றை அறிந்திருக்கும். இளங்குட்டி அதனைப் பின்பற்றிப் பாதியைத் தானே கற்றுக்கொள்ளும். ஆட்டுமந்தை மேய்க்கும் நாய்களை வளர்ப்போரும், பனிநிலத்தில் வண்டியிழுக்கும் நாய்களைப் பழக்குவோரும் அனுபவமுள்ள மூத்த நாயின் பக்கத்தில் இளையதை விட்டுப் பழக்கும் வழக்கம் இக்காரணம் பற்றியதே.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. மூத்ததன் நற்பழக்கத்தை மாத்திரமன்றித் தீய பழக்கத்தையும் இளையது கற்கும். தபாற்காரரின் சைக்கிளைத் துரத்துவது முதல் நாயின் வழக்கமாயின், இரண்டாம் நாய் வந்தபின் தபாற்காரரை இரண்டு நாய்கள் துரத்தும். ஆதலால் இரண்டாவதைக் கொள்ள விரும்புவோர் முதலாவதைத் திருத்திக்கொள்வது முறை.

இடைவெளி நான்கைந்து ஆண்டுகள் ஆயினும் குறையில்லை. மூத்தது இன்னும் விளையாட விரும்பும். குட்டி எல்லை மீறினால் உறுமி அடக்கும் வலிமையும் அதற்கு இருக்கும். அதற்கு மேலும் காலந் தாழ்த்திக்கொண்டே போவோமாயின் நிலைமை மாறிவிடுகின்றது.

முதிய நாயும் புதிய குட்டியும்

எம் வீடுகளிற் பெரும்பாலும் இரண்டாவது நாய் வருவது இக்காலத்திலேதான். 'பழைய நாய்க்குக் கண் மங்கிவிட்டது, காதும் கேட்பதில்லை, காவலுக்கு ஒன்று வேண்டும்' என்று ஒரு குட்டியைக் கொண்டுவருவர். குட்டியின் துள்ளல் வீட்டை நிறைக்கும். குழந்தைகள் அதனைச் சூழ்ந்துகொள்வர். பத்து ஆண்டுகள் அவ்வீட்டு வாசலைக் காத்த முதிய நாய் மெல்ல மெல்லக் கோடிப்புறத்துக்குத் தள்ளப்படும். மூட்டு வலியினால் எழ முடியாமற் கிடக்கும் அதன் காதைக் குட்டி ஊசிப் பற்களாற் கடித்து இழுக்கும். பொறுக்க முடியாமல் அது ஒரு நாள் உறுமினால், 'கிழட்டு நாய்க்குப் பொறாமை' என்று அதற்கே அடி விழும். இதனிலும் கொடிய நன்றிகேடு வேறு யாது?

உறுமல் குற்றமன்று, அது நாயின் மொழி. 'இதற்கு மேல் வராதே' என்று மூத்தது சொல்லும் அச்சொல்லைக் குட்டி கற்றாக வேண்டும். உறுமும்போதெல்லாம் தண்டிக்கப்படும் நாய் உறுமலை விட்டுவிடும். பின்னர் அறிவிப்பின்றியே கடிக்கும். ஆகவே உறுமலைக் கேட்டதும் குட்டியை அப்பாற் கொண்டுசெல்வதே வீட்டார் கடமை.

வேறு சில ஒழுங்குகளும் வேண்டும். முதிய நாய் உறங்குமிடத்துக்குக் குட்டி போகாதவாறு ஒரு தட்டி கட்டி வைக்கலாம். உணவை வெவ்வேறிடத்தில், முதலில் மூத்ததற்கே இடுக. உண்டு முடியும் வரை காவலிருக்க. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் முதலில் முதிய நாயின் தலையைத் தடவிவிட்டுப் பின்னர் குட்டியிடம் செல்லட்டும். குட்டியைக் கொண்டுவருமுன் இரண்டின் தடுப்பூசிகளையும் மிருக வைத்தியரிடம் விசாரித்துக்கொள்க. 1970களின் பிற்பகுதியில் உலகெங்கும் பரவிய பார்வோ வைரசு குட்டிகளை விரைவிற் கொல்வது. மண்ணிலே பல மாதங்கள் அழியாமற் கிடக்கவல்லது. விசர்நாய்க்கடிக்கு எதிரான ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குட்டிக்கும் முதியதற்கும் அது தவறாமல் ஏற்றப்படல் வேண்டும்.

முதல் நாய் மிக முதிர்ந்துவிட்டதாயின் குட்டியைக் கொள்ளாது, நான்கைந்து வயதுடைய அமைதியான நாயொன்றைக் கொள்வதும் நல்வழி. அத்தகைய நாய்களுக்கு எம் நாட்டிற் குறைவில்லை. குடும்பத்தோடு வெளிநாடு செல்வோர் பூட்டிய வீட்டுப் படலையிலேயே விட்டுச்சென்ற நாய்கள் எத்தனை! அவற்றுள் ஒன்று இன்னொரு படலைக்குள் இடம்பெறுமாயின் இரு வீட்டாருக்கும் நன்மை.

அரண்மனை தரும் பாடம்

பிரித்தானிய அரசி இரண்டாம் எலிசபெத்துக்கு 1944ஆம் ஆண்டில், அவருடைய பதினெட்டாவது பிறந்தநாட் பரிசாக, சூசன் என்னும் கோர்கி இனப் பெட்டைக்குட்டி கிடைத்தது. அதன் வழிவந்த நாய்கள் பதினான்கு தலைமுறையாக அரண்மனையில் வளர்ந்தன. எல்லா வயதிலும் நாய்கள் ஒருங்கே இருந்தமையால் ஒன்று மறைந்தபோது வீடு வெறுமையாகவில்லை. எனினும் கூட்டம் பெருகினால் அரண்மனையாயினும் கலகம் நேரும். 1991இல் தம் நாய்களின் சண்டையை விலக்கப் போன அரசியின் கையிற் கடிபட்டுத் தையல் இட வேண்டியதாயிற்று. சண்டையிடும் நாய்களுக்கிடையே கையை நீட்டலாகாது என்பதைப் பிள்ளைகள் இதனால் அறிந்துகொள்ளலாம்.

முதுமை எய்தியபின் அரசி தம் நாய்களை இனம் பெருக்குவதை நிறுத்திக்கொண்டார். தமக்குப் பின் இளம் நாய்களை விட்டுச்செல்ல அவர் விரும்பவில்லை என்று அவருடைய குதிரை ஆலோசகர் பின்னர் தெரிவித்தார். சூசனின் வழியில் இறுதியாக எஞ்சிய வில்லோ 2018 ஏப்ரலில் இறந்தது. 2021இல் மீண்டும் கோர்கிக் குட்டிகள் அவரிடம் வந்தன. 2022 செப்டெம்பரில் அவர் காலமானபோது எஞ்சியிருந்த இரண்டு கோர்கிகளையும் அவருடைய மகன் அன்ட்ரூ பொறுப்பேற்றார். அரசிக்கு மகன் இருந்தார். ஊரில் தனித்து வாழும் முதியோரின் நாய்களுக்கு யார் இருக்கின்றனர் என்பதும் எண்ணத்தக்கது.

எழுதிப் பார்க்க வேண்டிய கணக்கு

ஆதலால் குட்டியைத் தூக்கி வருமுன் கடதாசி ஒன்றை எடுத்து ஒரு கணக்கு எழுதிப் பார்க்குமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். மாணவர்களே இதனைச் செய்யலாம். முதலாம் நாயின் வயது, வரவிருக்கும் நாயின் வயது, வீட்டார் ஒவ்வொருவரின் வயது ஆகியவற்றை ஒரு நிரையில் எழுதுக. அதன் கீழ் ஐந்து ஆண்டுகள், பத்து ஆண்டுகள் கூட்டி எழுதுக. இன்று எட்டாம் வகுப்பிற் படிக்கும் தங்கை ஐந்து ஆண்டுகளில் உயர்தரப் பரீட்சை எழுதிவிடுவாள். பல்கலைக்கழகத்துக்கோ தொழிலுக்கோ வேறூர் செல்வாள். அண்ணன் கடல் கடந்தும் போகலாம். அப்பொழுது நாய்க்கு ஐந்து வயது, நடுப்பருவம். அதனை மாலையில் உலாவ அழைத்துச் செல்பவர் யார்? பத்து ஆண்டுகளில் அப்பாவுக்கு எழுபது வயதாயின், கயிற்றை இழுத்தோடும் பெருநாயை அவர் பிடிப்பாரா? இரண்டு நாய்களும் ஒரே ஆண்டில் நோயுற்றால் வைத்தியச் செலவைத் தாங்க முடியுமா?

இந்த நிரையைப் பார்த்தபின் சில வீடுகளில் 'இன்னும் ஓராண்டு பொறுப்போம்' என்ற முடிவு வரும். சிலவற்றில் 'இப்பொழுதே தக்க காலம்' என்ற முடிவு வரும். 'ஒன்றே போதும், அதனை நன்றாய் வைத்திருப்போம்' என்ற முடிவு வருமாயின் அதுவும் குறைவானதன்று.

இடைவெளி வைத்து வளர்த்த வீட்டில் மூத்த நாயின் பிரிவு நேரும்போதும் ஓர் ஆறுதல் உண்டு. அன்று மாலையும் படலையில் ஒரு நாய் நிற்கும். மூத்தது நின்ற அதே இடத்தில், அது கற்றுக்கொடுத்த அதே முறையில், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்காக அது காத்திருக்கும். அக்கல்வி நிகழ்வதற்கு இரண்டும் சேர்ந்து வாழ்ந்த நல்ல ஆண்டுகள் சில தேவை. அந்த ஆண்டுகளை அளிப்பதும் அளியாமல் விடுவதும், குட்டியைக் கொண்டுவரும் நாளைத் தெரிவுசெய்கின்ற எங்கள் கையிலேயே இருக்கின்றன.